என்பிசி குறிப்பு அட்டைகள்: ஆட்ட மேசையில் ஆள் மாறாமல் பார்த்துக்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு வாரம் கழித்து ஆட்டக்காரர்கள் மறுபடியும் அந்த ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்குப் போகிறார்கள். "ஆச்சி, போன தடவை ஒரு டிரங்குப் பெட்டியைக் கொடுத்துட்டுப் போனோமே, அது பத்திரமா இருக்கா?" என்று ஒருவர் கேட்கிறார். ஆட்டத்தை நடத்துபவர், அதாவது ஜிஎம், நோட்டைப் புரட்டுகிறார். ஆச்சி பிறந்த ஊர் இருக்கிறது, வீட்டுக்காரர் இறந்த கதை இருக்கிறது, மூன்று பக்கம் இருக்கிறது. பெட்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆச்சி அவர்களை 'வாங்க' என்று கூப்பிட்டாரா 'வாலே' என்று கூப்பிட்டாரா என்பதும் இல்லை. ஜிஎம் சமாளித்து ஏதோ பேசுகிறார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கும் இது அந்த ஆச்சி இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் டேபிள்டாப் ஆர்பிஜியில் ஜிஎம் நடத்தும் துணைப்பாத்திரங்களுக்கு, அதாவது என்பிசிகளுக்கு, குறிப்பு எழுதுகிற பலர் கதாசிரியர் எழுதுவதுபோல எழுதிவிடுகிறார்கள். ஆட்டத்தின் நடுவில் அதைப் படிக்க நேரம் கிடைக்காது. ஆட்டக்காரர் கேள்வி கேட்டு முடிப்பதற்கும் நீங்கள் வாயைத் திறப்பதற்கும் நடுவே இருப்பது நாலைந்து விநாடி. அந்த நேரத்துக்குள் கண் ஓடி முடிக்கிற அளவுதான் குறிப்பு இருக்க வேண்டும். தமிழில் நடத்தும் ஆட்டத்தில் அந்தக் கண் முதலில் தேட வேண்டியது, இவர் எதிரில் நிற்பவரை எப்படிக் கூப்பிடுவார் என்பதை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எடுத்துக்காட்டு ஆட்டம்தான். இடம் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர். காலம் 1956 அக்டோபர். நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறி, செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வரப்போகிறது. ஆரியங்காவு கேரளத்தோடு நிற்கும். தாலுகா கச்சேரியிலிருந்து ஒரு தண்டப்பேர் பதிவேடு (யார் பேரில் எந்த நிலம் என்று எழுதிய ஏடு) காணாமல் போயிருக்கிறது. பதிவேடும் ஆட்களும் கற்பனை. ஊரும் தேதியும் நிஜம். ஆட்டக்காரர்களின் பாத்திரங்கள் மூன்று: தென்காசி வக்கீல் குமாஸ்தா ஒருவர், புனலூர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், செங்கோட்டை ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் இளவட்டம் ஒருவன்.

முதல் படி: அட்டைகளைத் தயார் செய்யுங்கள்

நோட்டுப் புத்தகம் வேண்டாம். நோட்டில் ஆட்கள் எழுதிய வரிசையில் இருப்பார்கள். ஆட்டத்தில் அந்த வரிசையில் வரமாட்டார்கள். தனித்தனி அட்டை என்றால் தேவையான நாலு பேரை மட்டும் முன்னால் எடுத்து வைக்கலாம்.

200 முதல் 250 ஜிஎஸ்எம் கனமுள்ள ஏ4 தாள் பத்து வாங்குங்கள். ஜெராக்ஸ் கடையில் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டித் தரச் சொல்லுங்கள். 105 மில்லிமீட்டருக்கு 148 மில்லிமீட்டர் அளவில் நாற்பது அட்டை கிடைக்கும். சாதாரண 70 ஜிஎஸ்எம் தாள் நாலு செஷனில் (ஒருமுறை உட்கார்ந்து ஆடுவது ஒரு செஷன்) ஓரம் மடங்கிவிடும், பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். விசிட்டிங் கார்டு அளவு பார்க்க அழகு, ஆனால் தமிழில் எழுத இடம் போதாது. நம் சொற்கள் நீளம்.

மூன்று எழுதுகோல். மாறாதவற்றுக்கு (பெயர், வயது, தோற்றம்) கருப்புப் பேனா. மாறக்கூடியவற்றுக்குப் பென்சில். வாக்குறுதிக்கும் கடனுக்கும் மட்டும் சிவப்பு. நாலாவது நிறம் சேர்க்காதீர்கள். எது எதற்கு என்று யோசிப்பதிலேயே நேரம் போகும்.

இரண்டாம் படி: யாருக்கு எவ்வளவு என்று பிரியுங்கள்

எல்லோருக்கும் முழு அட்டை எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வாரம் கைவிட்டுவிடுவீர்கள். மூன்று தரமாகப் பிரித்தால் போதும். கதையில் எதையாவது விரும்பி, அதற்காக ஆட்டக்காரர்கள் இல்லாதபோதும் நகரக்கூடியவர்களுக்கு முழு அட்டை. ஒரு இடத்தோடு ஒட்டியவர்களுக்கு (டிக்கெட் கொடுப்பவர், கச்சேரி பியூன், செக்போஸ்ட் காவலர்) அரை அட்டை, அதாவது ஒரே அட்டையில் மேலே ஒருவர் கீழே ஒருவர். மற்றவர்களுக்கு வெறும் பெயர் வரி. முதல் செஷனுக்கு ஐந்து முழு அட்டை, ஆறு அரை அட்டை, இருபத்துநாலு பெயர். இதற்கு மேல் தயாரிப்பது பெரும்பாலும் வீண், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் யாரைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதை முதல் செஷன்தான் சொல்லும். நீங்கள் இரண்டு பக்கம் எழுதிய தாசில்தாரை விட்டுவிட்டு, பெயரே வைக்காத வண்டிக்காரரோடு அவர்கள் ஆரியங்காவு வரை போய்விடுவார்கள். அப்படிப் போனால் வண்டிக்காரருக்கு அன்றிரவு முழு அட்டை.

மூன்றாம் படி: முன்பக்கம்

ஏழு வரி. ஒவ்வொன்றும் அட்டையின் அகலத்துக்குள் முடிய வேண்டும். தெரிந்த செய்திகளுக்கு மட்டும் மூன்று வரி இடம் விடலாம். டீக்கடை ஆச்சியின் அட்டை இப்படி இருக்கும் (அதில் வரும் பார்வத்தியக்காரர், திருவிதாங்கூரில் கிராமத்து வருவாய் அதிகாரி):

கோமதி ஆச்சி, 58 (1898)
எங்கே: செங்கோட்டை ஸ்டேஷன் வாசல் டீக்கடை. விடிகாலை முதல் கடைசி வண்டி வரை.
கூப்பிடுவது: குமாஸ்தா – தம்பி, நீங்க. வாத்தியார் – சாரே, நீங்க. போர்ட்டர் – எலே, நீ.
பார்த்ததும்: இடுப்பில் சாவிக்கொத்து. யோசிக்கும்போது அதை நெருடுவார்.
வேண்டியது: நவம்பர் 1-க்குள் ஆரியங்காவு நிலம் மகள் பேருக்கு மாற வேண்டும்.
மாட்டார்: பார்வத்தியக்காரரைப் பற்றிக் கடையில் வைத்துப் பேச மாட்டார். நிலம் அவர் கையில்.
தெரியும்: (சும்மாவே) அன்று ராத்திரி கச்சேரியில் விளக்கு எரிந்தது. (நம்பினால்) கச்சேரி குமாஸ்தா இசக்கி சாக்குப்பையோடு புனலூர் வண்டி ஏறினான். (சொல்லவே மாட்டார்) டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது ஆச்சி.

'வேண்டியது' என்ற வரியில் "நல்ல வாழ்க்கை வேண்டும்", "ஊர் நன்றாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து நடிக்க முடியாது. தேதியோ, பொருளோ, ஒரு ஆளோ அந்த வரியில் இருக்க வேண்டும். "நவம்பர் 1-க்குள்" என்று இருப்பதால்தான் ஆச்சி மூன்றாவது செஷனில் பதற்றமாக இருப்பார், ஐந்தாவதில் தானாகவே ஆட்டக்காரர்களைத் தேடி வருவார்.

'மாட்டார்' வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் எல்லா என்பிசியும் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிடும். மறுக்கிற இடம்தான் ஒருவரை ஆளாக்குகிறது. ஏன் மறுக்கிறார் என்பதையும் இரண்டு சொல்லில் எழுதுங்கள். காரணம் தெரிந்தால்தான் ஆட்டக்காரர்கள் அதைச் சுற்றிப்போக வழி தேடும்போது நீங்கள் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியும். கடையில் பேச மாட்டார் என்றால், இலஞ்சி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கேட்டால் பேசலாம்.

வயதுக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டு எழுதுவது சின்ன வேலை, பெரிய பலன். 1898-ல் பிறந்தவருக்குக் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை திறந்த 1904-ல் ஆறு வயது. செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட 1911-ல் பதின்மூன்று. கொல்லம் ஆண்டு 1099-ல் வந்த தொண்ணூற்றொன்பது வெள்ளத்தின்போது, அதாவது 1924-ல், இருபத்தாறு. திருவிதாங்கூர் தமிழர் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்த 1954 ஆகஸ்ட் 11 அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்தி. இந்த ஆண்டுகளைத் தனியாக ஒரே ஒரு அட்டையில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால், எந்த என்பிசிக்கும் "அப்ப எனக்கு இத்தனை வயசு" என்று ஒரு வரி உடனே கிடைக்கும். காசு பற்றியும் அதே அட்டையில் ஒரு வரி: ரூபாய்க்குப் பதினாறு அணா, நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வருகிறது. இதைக் கோட்டைவிட்டால் மேசையில் யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சுட்டிக்காட்டுவார்.

கூப்பிடும் வரி, கொஞ்சம் விரிவாக

இந்த ஒரு வரிக்காகவே அட்டை எழுதலாம். குரலை மாற்றி நடிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம், அதில் தவறில்லை. தொண்டையைக் கட்டிக்கொண்டு கிழவி குரல் பேசத் தேவையில்லை. "என்ன தம்பி, இம்புட்டுத் தூரம்?" என்பதற்கும் "என்னலே, இங்கன என்ன சோலி?" என்பதற்கும் நடுவில் குரல் மாறாமலே உறவு மாறிவிடுகிறது. தமிழில் வினைச்சொல்லை முடிக்கும்போதே எதிராளியின் இடத்தைச் சொல்லிவிடுகிறோம். குறிப்பில் அது இல்லாவிட்டால், ஜிஎம் அன்றைய மனநிலைப்படி ஒருமுறை 'வா' என்பார், இன்னொருமுறை 'வாங்க' என்பார். ஆட்டக்காரர்கள் அதில் அர்த்தம் தேடுவார்கள். "போன வாரம் நீங்கன்னு பேசின ஆச்சி இன்னிக்கி ஏன் 'நீ'ங்குது? நம்ம மேல கோபமோ?" என்று ஒரு முழு செஷன் வீண் துப்புக்குப் பின்னால் போன மேசைகள் உண்டு.

ஒவ்வொரு ஆட்டக்காரரின் பாத்திரத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்று பாத்திரம் என்றால் மூன்று பதிவு, ஒவ்வொன்றிலும் இரண்டு சொல்: கூப்பிடும் சொல், பிறகு நீயா நீங்களா. இது பென்சிலில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் மாறும். மாறும்போது ஆட்டத்தில் அதை வெளிப்படையாகக் காட்டுங்கள். 'சாரே' என்று தள்ளி நிறுத்திய வாத்தியாரை ஆச்சி ஒருநாள் 'மக்களே' என்று கூப்பிட்டால், நம்பிக்கை வந்துவிட்டது என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. திருப்பியும் செய்யலாம்: இத்தனை நாள் 'அண்ணாச்சி' என்ற கடைக்காரர் திடீரென்று 'சார்' என்று ஆரம்பித்தால் மேசை அமைதியாகிவிடும்.

எல்லைப் பகுதியில் இன்னொரு அடுக்கும் உண்டு: யார் யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள். புனலூர் மரவியாபாரி மத்தாயி, சக வியாபாரியிடம் மலையாளம், கூலிக்காரர்களிடம் தமிழ், கச்சேரியில் பாதிப்பாதி. அட்டையில் "தமிழ்; கோபம் வந்தால் மலையாளம்" என்று ஒரு வரி போதும். மலையாளம் பேசத் தெரியாத ஜிஎம் ஒரு வாக்கியத்தில் ஒரு சொல் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். கடைசியில் ஒரு 'கேட்டோ' அல்லது முதலில் ஒரு 'சாரே'. எல்லா வார்த்தையையும் இழுத்து மலையாளத் தமிழ் பேசினால் அது கேலியாகிவிடும், அந்த ஆளின் மேல் ஆட்டக்காரர்களுக்கு மரியாதையும் போய்விடும். செங்கோட்டைப் பேச்சையும் அப்படித்தான் கையாள வேண்டும். "சொல்லுதேன்", "சொன்னேன்லா" போன்ற ஒன்றிரண்டை ஒருவருக்கு என்று ஒதுக்கி, அவர் அட்டையில் எழுதி, அவருக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

நான்காம் படி: பெயர்ப் பட்டியல்

ஆட்டக்காரர்கள் பெயரின் முதல் எழுத்தைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். மாரியப்பன், மாடசாமி, மாணிக்கம் என்று மூன்று பேர் இருந்தால் இரண்டாவது செஷனிலேயே மூவரும் ஒருவராகிவிடுவார்கள். ஒரு தாளில் அ, இ, க, ச, ஞ, த, ந, ப, ம, வ என்று எழுதி, முழு அட்டை உள்ளவர்களை ஆளுக்கு ஒரு எழுத்தாக உட்கார வையுங்கள். நம் ஐவர்: ஆச்சி கோமதி, பார்வத்தியக்காரர் வேலப்பன், கச்சேரி குமாஸ்தா இசக்கி, மரவியாபாரி மத்தாயி, லாரிக்காரர் பீர்முகம்மது. க, வ, இ, ம, ப. மோதவில்லை.

அடுத்து, திடீரென்று தேவைப்படும்போது எடுக்க இருபத்துநாலு பெயர். அந்த ஊருக்கும் காலத்துக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்: குற்றாலிங்கம், சங்கரலிங்கம், முப்பிடாதி, சுடலை, பேச்சியம்மாள், ஞானமுத்து, சாராள், மைதீன், பாஸ்கரன், தங்கம்மா, அவுசேப்பு. 1956-ல் நடக்கும் ஆட்டத்தில் ரமேஷ், சுரேஷ் என்று வயதானவர்கள் வந்தால் காலம் கலைந்துவிடும். பெயர் எடுத்ததும் பட்டியலில் அடித்துவிட்டு, பக்கத்தில் யார் என்று மூன்று சொல் எழுதுங்கள். இதைச் செய்யாததால்தான் ஒரே 'சங்கரலிங்கம்' ஒரு வாரம் பூசாரியாகவும் அடுத்த வாரம் கூலிக்காரராகவும் வருகிறார்.

நம் ஊர்களில் பெயரே சாதியையும் மதத்தையும் ஊரையும் சொல்லிவிடும். அதனால் பட்டியலை முடித்ததும் ஒருமுறை தள்ளி வைத்துப் பாருங்கள்: கெட்டவர்கள் எல்லோரும் ஒரே பக்கத்துப் பெயராக இருக்கிறார்களா? எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா? எழுதும்போது நமக்கே தெரியாமல் இப்படி விழும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் ஆகும், அவசியம் செய்யுங்கள். மேசையில் உட்காருபவர்களின் அப்பா, அம்மா பெயர்களையும் தவிர்த்துவிடுங்கள்; சாகப்போகிற பாத்திரத்துக்கு வைத்தால் சங்கடமாகிவிடும்.

ஐந்தாம் படி: உறவுத் தாள்

ஒரு ஏ4 தாள், படுக்கை வசத்தில். நடுவில் பெயர்கள், இடையில் கோடுகள். ஒருவருக்கு மூன்று கோடுக்கு மேல் வேண்டாம். கோட்டின் மேல் ஒரே சொல்: மச்சினன், கடன், பங்காளி, ஒத்தி. 'நண்பர்', 'எதிரி' என்று எழுதினால் எதுவும் நடக்காது. 'இருநூறு ரூபாய் கடன்' என்று எழுதினால் கதை தானாக நகரும்.

உறவு முறைக்கு இரண்டு முனை உண்டு என்பதை மறக்காதீர்கள். இசக்கி வேலப்பனின் மனைவியின் தம்பி என்றால், வேலப்பன் அட்டையில் இசக்கி 'மச்சினன்', இசக்கி அட்டையில் வேலப்பன் 'அத்தான்'. ஒரு அட்டையில் மச்சினன் என்று எழுதிவிட்டு, இன்னொன்றில் பழக்கதோஷத்தில் 'மாமா' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உறவுமுறை தெரிந்த ஆட்டக்காரர் உடனே "அப்ப வேலப்பன் இசக்கியோட தாய்மாமனா?" என்று கேட்பார். கோடு போடும்போதே இரண்டு முனையிலும் கூப்பிடும் சொல்லை எழுதிவிட்டால் இது வராது.

இடவாரியாக அடுக்குவதும் இப்போதுதான். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் என்று நாலு கட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்ட். அகர வரிசையில் அடுக்காதீர்கள். ஆட்டக்காரர்கள் ஊருக்குத்தான் போவார்கள், எழுத்துக்குப் போகமாட்டார்கள். ஆள் ஊர் மாறினால் அட்டையும் கட்டு மாற வேண்டும். இசக்கி புனலூர் போய்விட்டான் என்றால் அவன் அட்டை புனலூர்க் கட்டில் இருக்க வேண்டும். இதனாலேயே செங்கோட்டையில் அவன் தவறுதலாக எதிர்ப்படுவது நின்றுவிடும்.

ஆறாம் படி: ஆட்டம் நடக்கும்போது

தற்போதைய இடத்தின் கட்டை அவிழ்த்து, நாலு அட்டைக்கு மேல் முன்னால் வைக்காதீர்கள். எதிரில் இருப்பவர் படிக்க முடியாதபடி ஒரு தடுப்பு வேண்டும். நிமிர்த்தி வைத்த ஒரு ஃபைல் போதும். 'சொல்லவே மாட்டார்' என்ற செய்தியை தலைகீழாகப் படிக்கத் தெரிந்த ஆட்டக்காரர்கள் எல்லா மேசையிலும் இருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத ஒருவரிடம் பேசப் போகிறார்கள் என்றால் இரண்டு ஆறுமுக டைஸ் உருட்டுங்கள். இந்தப் பழக்கம் 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் முதல் பதிப்பிலேயே இருந்தது: 5 வரை வந்தால் விரோதம், 6 முதல் 8 வரை சந்தேகம், 9-ம் அதற்கு மேலும் இணக்கம். முப்பத்தாறு வாய்ப்பில் விரோதத்துக்குப் பத்து, சந்தேகத்துக்குப் பதினாறு, இணக்கத்துக்குப் பத்து. தமிழ் மேசைக்கு இதைக் கூப்பிடும் சொல்லாக மாற்றிக்கொள்வது எளிது. 5 வரை: "யாருய்யா நீ?" 6 முதல் 8 வரை: "என்ன சார் வேணும்?" 9-ம் அதற்கு மேலும்: "வாங்கண்ணாச்சி, உக்காருங்க." வாயைத் திறந்ததுமே ஆள் தயாராகிவிடுவார்.

அப்படி உருவானவரைப் பற்றி அங்கேயே மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: பெயர், கூப்பிட்ட சொல், எதற்காக அவர்களிடம் பேசினார். நீளமாக எழுத ஆரம்பித்தால் மேசையின் வேகம் செத்துவிடும்.

ஆட்டக்காரர்கள் "வாங்கித் தாரேன்", "பாத்துக்கிடுதேன்", "நாளைக்கு வாரேன்" என்று என்பிசியிடம் சொன்ன அந்தக் கணமே சிவப்புப் பேனாவை எடுங்கள். இதை மட்டும் ஆட்டம் முடிந்தபின் என்று தள்ளிவைக்காதீர்கள். கொடுத்தவர்கள் மறந்துவிடுவார்கள், நீங்களும் மறந்துவிடுவீர்கள். நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் அந்த என்பிசி.

ஒரு எச்சரிக்கை. இரண்டு என்பிசிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காட்சியை முழு வசனமாக நடிக்காதீர்கள். நீங்களே கேட்டு நீங்களே பதில் சொல்லும்போது ஆட்டக்காரர்கள் கைபேசியை எடுத்துவிடுவார்கள். "ஆச்சியும் வேலப்பனும் நிலத்தைப் பத்திச் சத்தம் போட்டுக்கிடுதாங்க, கடைசியில ஆச்சி டம்ளரைத் தரையில வச்சிட்டு உள்ள போயிடுறாங்க" என்று முடித்துவிட்டு, ஆட்டக்காரர்களின் முகத்தைப் பாருங்கள்.

ஏழாம் படி: அன்றிரவு இருபது நிமிஷம்

மறுநாள் என்றால் பாதி போய்விடும். ஆட்டம் முடிந்த அன்றே உட்காருங்கள்.

முதல் ஐந்து நிமிஷம், அன்று வந்த எல்லா அட்டைகளின் பின்பக்கத்திலும் ஆளுக்கு ஒரு வரி. செஷன் எண், என்ன மாறியது. "செ.4 – வாத்தியார் பொய் சொன்னது தெரிந்துவிட்டது." ஒரு வரிதான், இரண்டாவது வரி தேவைப்பட்டால் எது முக்கியம் என்று நீங்கள் இன்னும் முடிவுசெய்யவில்லை என்று அர்த்தம். இந்த அளவு அட்டையின் பின்பக்கத்தில் பதினைந்து வரி வரை எழுதலாம், ஒரு கேம்பெயினுக்கு, அதாவது பல செஷனாகத் தொடரும் ஒரு கதைக்கு, அது தாராளம்.

அடுத்த ஐந்து நிமிஷம், முன்பக்கத்துப் பென்சில் வரிகள்: கூப்பிடும் சொல் மாறியதா, வேண்டியது கிடைத்துவிட்டதா, புதிதாக என்ன தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டது என்பதைக் கறாராகப் பாருங்கள். ஜிஎம்முக்குத் தெரிந்ததெல்லாம் என்பிசிகளுக்குத் தெரிந்துவிடுவதுதான் இந்த விளையாட்டில் மிகப் பழைய நோய். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் மதியம் நடந்தது மாலையில் செங்கோட்டை ஆச்சிக்கு எப்படித் தெரியும்? ரயிலில் வந்த யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்த 'யார்' என்பதையும் எழுதினால், ஆட்டக்காரர்கள் விசாரிக்கும்போது ஒரு நிஜமான சங்கிலி கிடைக்கும்.

மீதிப் பத்து நிமிஷம் மேடைக்குப் பின்னால் நடப்பதற்கு. மூன்றே மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அடுத்த செஷனுக்குள் தங்களுக்கு வேண்டியதற்காக என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. எல்லோரையும் நகர்த்தினால் கதை உங்கள் கையை மீறிப் போய்விடும். யாரையும் நகர்த்தாவிட்டால் ஊரே ஆட்டக்காரர்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் இருக்கும்.

கணினியில் வைப்பவர்களுக்கு

கூகுள் ஷீட்ஸோ, அப்ஸிடியன் என்ற குறிப்புச் செயலியோ, எதுவானாலும் இதே ஏழு வரிதான் ஏழு நெடுவரிசை. கூடுதலாக 'ஊர்' என்று ஒரு நெடுவரிசை வைத்து அதன்படி வடிகட்டுங்கள். தமிழில் வைக்கும்போது தேடல்தான் சிக்கல். குற்றாலிங்கம், குத்தாலிங்கம் இரண்டும் கணினிக்கு வேறு வேறு ஆட்கள். அவுசேப்பை 'ஔசேப்பு' என்று எழுதுபவர்கள் ஔ என்ற எழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள்; கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் வராது. 'ஸ்ரீ'யிலும் இதே கதை, அதை ஸ-விலும் தட்டலாம், ஶ-விலும் தட்டலாம். ஆளுக்கு ஒரு எண் கொடுத்து (01, 02, 03) எல்லாக் குறிப்பிலும் பெயரோடு அந்த எண்ணையும் சேர்த்துவிட்டால் எழுத்துப்பிழை தொல்லை இருக்காது. இணைப்பு இல்லாமல் திறக்கிற பிரதி ஒன்று கைபேசியில் இருக்கட்டும். மேசையில் மட்டும் அட்டைதான் நல்லது. ஜிஎம் திரையைப் பார்த்துப் பேசினால் என்பிசியும் திரையைப் பார்த்துப் பேசுவதுபோலத்தான் தெரியும்.

எட்டாம் படி: கழிப்பதும் மாற்றுவதும்

ஐந்து செஷனுக்கு ஒருமுறை எல்லா அட்டையையும் மேசையில் பரப்புங்கள். மூன்று செஷனாக யாரும் பேசாதவர்கள், சிவப்பு வரியும் இல்லாதவர்கள் ஒரு தனி உறைக்குப் போகட்டும். கிழித்துப் போடாதீர்கள். செத்துப்போனவர்களின் அட்டையையும் வைத்திருங்கள்: அவர்கள் பட்ட கடன் சாகவில்லை, உறவுத் தாளில் அந்தக் கோட்டின் மறுமுனையில் இருப்பவருக்கு அது போய்ச்சேரும். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்றால் (செய்தி கொண்டுவர ஒரு பியூன், ஒரு தபால்காரர்) ஆட்டக்காரர்களுக்கு யாரைப் பிடிக்கிறதோ அவரை வைத்துக்கொண்டு மற்றவரின் வேலையையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

ஆட்டத்துக்குள் பெரிய மாற்றம் வரும் செஷனுக்கு முன்னால் இதையே கொஞ்சம் வேறாகச் செய்ய வேண்டும். நம் ஆட்டத்தில் அது நவம்பர் 1. ஒவ்வொரு அட்டையாக எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். இவர் இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறார்? இவருக்கு வேண்டியது கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நேற்று வரை இவரைப் பயந்து பேசியவர் இன்று எப்படிக் கூப்பிடுவார்? வேலப்பனின் கையிலிருந்த அதிகாரம் ஒரே ராத்திரியில் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து, ஆச்சியின் 'மாட்டார்' வரி அழிந்துபோகலாம். அப்போது கடையில் வைத்தே, எல்லோர் காதும் கேட்க, அவர் பெயரைச் சொல்லிப் பேசுவார்.

அன்றைக்காவது அந்த டிரங்குப் பெட்டியை ஆட்டக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்றால், ஆச்சி அட்டையின் பின்பக்கம் திருப்பி, சிவப்பு வரியின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் செஷன் எண்ணை எழுதுங்கள். கேட்காமல் போய்விட்டார்களா? கோடு இழுக்காதீர்கள். பெட்டி கடையின் பின்கட்டில்தான் இருக்கிறது, சாவி ஆச்சியின் இடுப்பில்.